இயங்குதளத்தை மாற்றுவது எப்போது?

நம் வீட்டுக் கணினி ஒருநாள் காலையில் புதிய கேள்வியொன்றைத் திரையில் காட்டுகிறது. “புதிய இயங்குதளம் வந்துள்ளது, மாறிக்கொள்கிறீர்களா?” என்பதே அக்கேள்வி. நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் பொறியை எதற்காகத் தொடவேண்டும் என்று ஒரு மனம் சொல்கிறது. பழையதிலேயே இருந்து ஏதேனும் கேடு நேர்ந்துவிடுமோ என்று மற்றொரு மனம் அஞ்சுகிறது. இவ்விரண்டுக்கும் இடையே முடிவு செய்யும் வழி யாது என்பதையே இங்கு ஆராய முற்படுகிறோம்.

இயங்குதளம் என்பது கணினியின் உறுப்புகளையெல்லாம் ஆண்டு நடத்தும் அடிப்படை நிரல். விசைப்பலகையில் நாம் தட்டும் எழுத்தைத் திரைக்குக் கொண்டுவருவதும், கோப்புகளை இடமறிந்து வைப்பதும், வெளியிலிருந்து வலைவழியே வருவோரை உள்ளே விடுவதும் தடுப்பதும் அதன் வேலைகள். விண்டோஸும் லினக்ஸும் இத்தகையனவே. வாயிற்காவலும் அதன் பொறுப்பாகையால், அதிலுள்ள ஒரு சிறு குறை வீடு முழுவதையும் திறந்துவிடக்கூடும்.

இதனை விளக்கும் நிகழ்ச்சியொன்று ஆந்திர மாநிலத்தில் நம்மவர் பலர் வாழும் வட்டாரத்திலேயே நடந்தது. தமிழக எல்லையை ஒட்டிய விஜயபுரம், நகரி, புத்தூர் முதலிய ஊர்களுக்குச் சித்தூரும் திருப்பதியும் அலுவல் நிமித்தமாக அடிக்கடி சென்றுவரும் நகரங்கள். 2017-ஆம் ஆண்டு மே 12-ஆம் நாள் ‘வானாக்ரை’ என்னும் கொள்ளை நிரல் உலகெங்கும் பரவியது. ஏறத்தாழ 150 நாடுகளில் இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட கணினிகளில் புகுந்து, கோப்புகளைப் பூட்டிவைத்து, திறந்துவிட 300 டாலர் கேட்டது அது. பிரிட்டனில் மருத்துவமனைகள் நோயாளிகளைத் திருப்பி அனுப்பும்படி ஆயிற்று. சித்தூர் உள்ளிட்ட மாவட்டங்களில் ஆந்திரக் காவல்துறையின் கணினிகள் முடங்கின. திருமலை திருப்பதி தேவஸ்தானத்தின் நிர்வாகக் கணினிகள் சிலவும் அதற்கு இரையாயின.

இந்நிகழ்ச்சியைக் கேட்டவர்கள் பலரும், “பழைய விண்டோஸ் எக்ஸ்பியை வைத்திருந்தவர்களுக்கு நேர்ந்த கதி இது” என்றே எண்ணினார்கள். 2001-இல் வந்த எக்ஸ்பிக்குப் பழுதுதிருத்தம் வழங்குவதை மைக்ரோசாப்ட் நிறுவனம் 2014 ஏப்ரல் 8-ஆம் நாளுடன் நிறுத்திவிட்டது மெய்யே. ஆனால் பின்னர் ஆராய்ந்து பார்த்தபோது, தாக்குண்டவற்றுள் மிகப் பெரும்பாலானவை எக்ஸ்பி அல்ல, விண்டோஸ் 7 என்று தெரியவந்தது. விண்டோஸ் 7-க்கு 2020 ஜனவரி வரை திருத்தங்கள் வந்துகொண்டிருந்தன. இந்தக் குறிப்பிட்ட குறைக்கு உரிய திருத்தமும் 2017 மார்ச் 14-ஆம் நாளே வெளிவந்துவிட்டது. தாக்குதலுக்கு 59 நாள் முன்பே மருந்து கையில் இருந்தும், பலர் அதனை உட்கொள்ளவில்லை.

ஆகவே நாம் முதலில் கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி, “இது புதியதா, பழையதா?” என்பதன்று. “இதற்கு இன்னும் பழுதுதிருத்தம் வருகிறதா? வருவதை நாம் ஏற்றுக்கொள்கிறோமா?” என்பதே. திருத்தம் வருகின்றவரை பழையதிலேயே இருப்பதில் குற்றமில்லை. திருத்தம் நின்றபின் அதனை வலையில் இணைத்து வைத்திருப்பது, பூட்டுப் பழுதான கதவை இரவில் சாத்திவைப்பது போன்றது. சாத்தியிருக்கிறது என்ற நினைவு நமக்கு மட்டுமே.

இவ்வளவுகோலை இன்று பலர் இல்லத்திலும் உள்ள விண்டோஸ் 10-க்குப் பொருத்திப் பார்ப்போம். 2015 ஜூலையில் வெளிவந்த இதற்கு இலவசத் திருத்தங்கள் 2025 அக்டோபர் 14-ஆம் நாளுடன் முடிந்தன. தனிமனிதர்கள் பதிவுசெய்துகொண்டால் 2026 அக்டோபர் 13 வரை பாதுகாப்புத் திருத்தங்கள் மட்டும் பெறலாம் என்று நிறுவனம் அறிவித்தது. இது தங்குமிடமன்று; மூட்டை கட்டுவதற்குக் கொடுத்த தவணை.

தவணைக்குள் செல்லக்கூடிய வழிகள் மூன்று.

முதலாவது, விண்டோஸ் 11-க்கு மாறுவது. தகுதியுள்ள கணினிக்கு இதற்குக் கட்டணமில்லை. ஆனால் தகுதி என்பதே இங்கு சிக்கல். குறைந்தது 4 ஜிகாபைட் நினைவகமும், 64 ஜிகாபைட் சேமிப்பிடமும், டிபிஎம் 2.0 என்னும் பாதுகாப்புச் சில்லும், அங்கீகரிக்கப்பட்ட செயலியும் வேண்டும். 2017-க்கு முன் வாங்கிய கணினிகளில் பெரும்பாலானவை செயலிச் சோதனையிலேயே தேறுவதில்லை. மைக்ரோசாப்ட் இலவசமாக வழங்கும் ‘பிசி ஹெல்த் செக்’ என்னும் நிரல் நம் கணினி தேறுமா என்பதைச் சில நிமிடங்களில் சொல்லிவிடும். கடைக்காரரைக் கேட்பதற்கு முன் அதனைக் கேட்பது நலம்.

இரண்டாவது, தேறாத கணினியை வீசிவிடாமல் லினக்ஸுக்கு மாற்றுவது. இது அந்நியமான யோசனையன்று. எக்ஸ்பியின் காலம் முடிந்த 2014-இல், தமிழக அரசின் தகவல் தொழில்நுட்பத் துறை, அரசு அலுவலகங்களில் ‘பாஸ் லினக்ஸை’ நிறுவுமாறு அறிவுறுத்தியது. அது சிடாக் என்னும் மத்திய அரசு நிறுவனம் உருவாக்கியது. தமிழ் உட்பட இந்திய மொழிகளில் இயங்குவது. கேரளத்தின் அரசுப் பள்ளிகளும் பல்லாண்டுகளாகக் கட்டற்ற நிரல்களைக் கொண்டே கணினி கற்பித்து வருகின்றன. கடிதம் எழுதவும், இணையம் காணவும், படம் பார்க்கவும் பயன்படும் பழைய கணினிக்கு லினக்ஸ் நல்ல மறுவாழ்வு. எனினும், விஜயபுரத்தில் ஒரு விசைத்தறிக்காரர் டாலி நிரலில் கணக்கெழுதுகிறார் என்று வைத்துக்கொள்வோம். டாலி விண்டோஸுக்கென்றே அமைந்ததாகையால், அவருக்கு இவ்வழி எளிதன்று. எந்த வேலைக்காகக் கணினி இருக்கிறதோ, அந்த வேலையே வழியைத் தீர்மானிக்க வேண்டும்.

மூன்றாவது, புதிய கணினி வாங்குவது. முதலிரண்டும் பொருந்தாதபோது மட்டுமே இதனை நாடலாம்.

எவ்வழியாயினும், மாறுவதற்கு முன் செய்ய வேண்டிய கடமை ஒன்றுண்டு. புகைப்படங்கள், கணக்குகள், சான்றிதழ்ப் படிகள் அனைத்தையும் தனி வட்டில் ஒருமுறை நகலெடுத்து, அவ்வட்டை வேறொரு கணினியில் பொருத்தி, கோப்புகள் திறக்கின்றனவா என்று பார்த்துக்கொள்ள வேண்டும். பின்னர் வட்டைக் கணினியினின்றும் கழற்றிவிட வேண்டும். வானாக்ரை போன்றவை இணைந்திருக்கும் வட்டையும் பூட்டிவிடும்.

தமிழர்களாகிய நமக்கு உரிய எச்சரிக்கை மற்றொன்றும் உண்டு. யூனிகோடு பரவுமுன் பாமினி, வானவில், டாப், டாம் என்று பல எழுத்துருக்களில், ஒன்றுக்கொன்று ஒவ்வாத குறியீடுகளில், நாம் தமிழைத் தட்டெழுதி வந்தோம். தமிழக அரசு 2010-இல்தான் யூனிகோடையும் டேஸ்-16 என்பதையும் தரமாக ஏற்றது. பழைய எழுத்துருவில் எழுதிய கோப்பைப் புதிய இயங்குதளத்தில் திறந்தால், அந்த எழுத்துரு அங்கே இல்லாதபோது, தமிழ் மறைந்து ஆங்கில எழுத்துகளின் குவியலே தோன்றும். ஊரைவிட்டு வந்து பிறமொழிச் சூழலில் வாழும் குடும்பங்களில், தாத்தா எழுதிய குடும்ப வரலாறும், தமிழ்ச் சங்கத்தின் ஆண்டு மலரும், திருமண அழைப்பிதழ்களும் இவ்வாறான கோப்புகளில்தான் உறங்குகின்றன. மீண்டும் அச்சிட்டுக் கொடுக்கக் கூடியவர்கள் அருகில் இல்லை. எனவே அந்த எழுத்துருக் கோப்புகளையும் சேர்த்து நகலெடுப்போம். பழைய கணினி இயங்கும்போதே அவற்றை யூனிகோடுக்கு மாற்றி, பிழை பார்த்து வைப்போம். இயலாதவற்றைத் தாளிலேனும் அச்சிட்டுக்கொள்வோம்.

புதுமை என்பதற்காகவே மாறுவதும் வேண்டா. பழகியது என்பதற்காகவே தங்குவதும் வேண்டா. திருத்தம் வருகிறதா, நம் வேலை அதில் நடக்குமா, நம் கோப்புகள் நம்மிடம் பத்திரமாக இருக்கின்றனவா என்ற இம்மூன்றுக்கும் விடை தெரிந்தவர், கணினி கேட்கும் கேள்விக்கு ஆம் என்றோ அல்ல என்றோ அச்சமின்றி விடையளிக்கலாம். விடை தெரியாதவர் இன்றிரவே ஒரு வட்டை எடுத்து நகலெடுக்கத் தொடங்கட்டும். மற்ற இரண்டும் நாளைக்குக் காத்திருக்கும்.