போட்டிச் சுடுதலில் ரிவால்வர் மறுநிரப்பல்

ரிவால்வர் எனப்படும் சுழல் துப்பாக்கியில் தோட்டாக்கள் தீர்ந்ததும் வெற்று உறைகளை வெளியேற்றி, புதிய தோட்டாக்களை உருளையில் இட்டு, மீண்டும் சுடத் தயாராவதே மறுநிரப்பல் ஆகும். பிஸ்டலில் காலி மேகசின் கீழே விழ, நிரப்பிய மேகசினைச் செருகினால் வேலை முடிந்துவிடும். ரிவால்வரில் ஆறு அறைகளையும் காலி செய்து, ஆறையும் நிரப்ப வேண்டும். பழகாதவருக்கு இதற்கு அரை நிமிடம் கூட ஆகலாம். அமெரிக்க வீரர் ஜெர்ரி மிக்குலெக் 1999-ஆம் ஆண்டில் ஆறு முறை சுட்டு, மறுநிரப்பி, மேலும் ஆறு முறை சுட எடுத்துக்கொண்ட மொத்த நேரம் 2.99 வினாடி. இந்த வேறுபாட்டுக்கு விரல்களின் வேகம் மட்டுமே காரணமன்று; துப்பாக்கி திறக்கும் விதமும் தோட்டாவின் அமைப்பும் அதில் பெரும்பங்கு வகிக்கின்றன.

வேகம் தேவைப்படாத போட்டி

திருவள்ளூர் மாவட்டத்தில் ஆவடியை அடுத்த வீராபுரத்திலோ திருச்சியிலோ உள்ள சுடுதளத்தில் ரிவால்வர் போட்டியைக் காணச் செல்பவர் விரைவு மறுநிரப்பலை எதிர்பார்த்தால் ஏமாற்றமே மிஞ்சும். இந்தியாவின் மாநில, தேசியப் போட்டிகள் பெரும்பாலும் பன்னாட்டுத் துப்பாக்கி சுடுதல் கூட்டமைப்பின் விதிகளைப் பின்பற்றுகின்றன. அவற்றுள் ரிவால்வருக்கு இடமளிப்பது 25 மீட்டர் சென்டர் ஃபயர் பிஸ்டல் என்ற பிரிவு. 1994 ஹிரோஷிமா ஆசிய விளையாட்டில் ஜஸ்பால் ராணா தங்கம் வென்றது இதில்தான். 2006-இல் தோகாவில் 590 புள்ளிகளுடன் அன்றைய உலகச் சாதனையை அவர் சமன் செய்ததும் இதே பிரிவில். நடிகர் அஜித்குமார் 2022-இல் திருச்சியில் நடந்த மாநிலப் போட்டியில் பங்கேற்றபோது இப்பிரிவின் பெயர் தமிழ்ச் செய்திகளிலும் அடிபட்டது.

இதில் மொத்தம் 60 சுடுகள். முதல் 30 சுடுகள் துல்லியப் பகுதி. ஐந்து சுடுகளுக்கு ஐந்து நிமிடம். அடுத்த 30 விரைவுப் பகுதி. இலக்கு 3 வினாடி தோன்றி 7 வினாடி மறையும், ஒவ்வொரு முறையும் ஒரு சுடு மட்டுமே. ஐந்து சுடுகள் கொண்ட ஒவ்வொரு தொடருக்கும் முன் நிரப்பும் ஆணை தரப்பட்டு ஒரு நிமிட அவகாசமும் கிடைக்கும். எனவே இங்கு நிதானமே முக்கியம்.

எனினும் ஒரு நுணுக்கம் உண்டு. ஆறு அறை கொண்ட ரிவால்வரிலும் ஐந்து தோட்டாக்களே இடப்படும். காலி அறை எங்கிருக்க வேண்டும் என்பதில் புதியவர்கள் குழம்புவார்கள். சுத்தியைப் பின்னுக்கு இழுக்கும்போதே உருளை ஓர் அறை அளவு சுழன்றுவிடுவதால், மூடும்போது காலி அறை சுத்திக்கு நேரே இருக்க வேண்டும். அப்போது முதல் இழுப்பில் முதல் தோட்டா வந்து நிற்கும். ஐந்தும் தீர்ந்தபின் அடுத்த இழுப்பில் காலி அறை திரும்பும். இடம் மாறினால் இலக்கு தோன்றிய 3 வினாடியில் வெறும் ‘டிக்’ ஒலிதான் கேட்கும்.

மறுநிரப்பலே வெற்றியைத் தீர்மானிக்கும் களம் வேறு. 1976-இல் அமெரிக்காவின் கொலம்பியா நகரில் தொடங்கப்பட்ட பன்னாட்டு நடைமுறைச் சுடுதல் கூட்டமைப்பு (ஐ.பி.எஸ்.சி.) நடத்தும் போட்டிகளில் வீரர் நகர்ந்தபடியே பல இலக்குகளைச் சுடுகிறார். பெற்ற புள்ளிகளை எடுத்துக்கொண்ட வினாடிகளால் வகுத்து மதிப்பெண் கணக்கிடப்படும். 60 புள்ளிகளை 10 வினாடியில் எடுத்தவருக்கு 6. அதே புள்ளிகளை 12 வினாடியில் எடுத்தவருக்கு 5. அந்த இரண்டு வினாடி பெரும்பாலும் ஒரு சொதப்பலான மறுநிரப்பல்தான். ரிவால்வருக்கென்றே நடத்தப்படும் ஐகோர் போட்டிகளும் 1991 முதல் உள்ளன.

துப்பாக்கி திறக்கும் விதம்

ரிவால்வர்கள் திறப்பதில் மூன்று வகை உண்டு. 1873-ஆம் ஆண்டு கோல்ட் போன்ற பழைய வகையில் பக்கவாட்டுக் கதவைத் திறந்து ஒவ்வொன்றாக இட்டு, ஒவ்வொன்றாக எடுக்க வேண்டும். வெப்ளி போன்ற மடக்கு வகையில் மேல் கொக்கியை விடுவித்தால் துப்பாக்கி நடுவில் மடங்கும். உருளையின் நடுவிலுள்ள நட்சத்திர வடிவத் தள்ளி எழும்பி ஆறு உறைகளையும் ஒரே நேரத்தில் வெளியே எறியும். மூன்றாவது வகையில் உருளை இடப்புறம் வெளியே விலகும். முன்னாலுள்ள தண்டை அழுத்தினால் உறைகள் வெளியேறும்.

இந்தியர்களுக்கு அதிகம் பரிச்சயமானது மடக்கு வகையே. இதற்கு ஆங்கிலேய ஆட்சியின் மரபும் சட்டமும் சேர்ந்தே காரணம். படைகளும் காவல்துறையும் பயன்படுத்திய .38, .455 போன்ற அளவுகள் பொதுமக்களுக்குத் தடைசெய்யப்பட்டவை. ஆகவே கான்பூர் சிறு ஆயுதத் தொழிற்சாலை வெப்ளி வடிவத்தையொட்டி .32 அளவில் ரிவால்வர் தயாரித்தது. 2014-இல் வெளிவந்த ‘நிர்பீக்’ ரிவால்வரும் மடங்கித் திறப்பதே. இவற்றில் பயன்படும் .32 லாங் தோட்டாவை 1896-இல் ஸ்மித் அண்ட் வெஸன் நிறுவனம் தன்னுடைய பக்கம் விலகும் ரிவால்வருக்காக உருவாக்கியது என்பது ஒரு வேடிக்கை.

வெற்று உறைகளை வெளியேற்றுவதில் மடக்கு வகையே வேகமானது. ஆனால் கீலும் கொக்கியும் அதன் பலவீனம். அதிக அழுத்தமுள்ள தோட்டாக்களை அவை தாங்குவதில்லை. அதனால்தான் உலகின் பெரும்பகுதி மூன்றாவது வகைக்கு மாறியது. மடக்கு வகையை மெதுவாகத் திறப்பதும் தவறு. உறை பாதி எழும்பிய நிலையில் தள்ளி கீழிறங்கினால், உறையின் விளிம்பு அதனடியில் மாட்டிக்கொள்ளும். ஒரே வீச்சில் முழுவதும் திறந்து, துப்பாக்கியைச் சற்றுப் பக்கவாட்டில் சாய்த்தால் உறைகள் தடையின்றி விழும்.

செய்முறை

பக்கம் விலகும் ரிவால்வரில், வலக்கைக்காரர் செய்யும் பொதுவான முறை இது. முதலில் விரல் விசையிலிருந்து விலகுகிறது. வலக்கைப் பெருவிரல் பூட்டை விடுவிக்க, இடக்கையின் நடு இரு விரல்கள் உருளையை வெளியே தள்ளி அதைப் பிடித்துக்கொள்கின்றன. குழல் மேல்நோக்கிச் சாய, இடக்கைப் பெருவிரல் தண்டை ஒரே முறை, முழு நீளத்துக்கு அழுத்துகிறது. இரண்டு மூன்று முறை மெல்லத் தட்டுவது நேர விரயம் மட்டுமன்று. உறை மாட்டிக்கொள்வதற்கும் அதுவே வழி. குழலை மேல்நோக்கிச் சாய்ப்பதற்கும் காரணம் உண்டு: எரியாத வெடிமருந்துத் துகள்கள் தள்ளியின் அடியில் சேராமல் வெளியே விழும். சேர்ந்துவிட்டால் அடுத்த முறை உருளை சரியாக மூடாது.

பிறகு குழல் தரையை நோக்கித் திரும்புகிறது. வலக்கை இடுப்பிலிருந்து நிரப்பியை எடுத்து, தோட்டாக்களை அறைகளில் இறக்குகிறது. உருளையைக் கையால் அழுத்தி மூட வேண்டும். திரைப்படங்களில் வருவதுபோல் மணிக்கட்டை உதறி மூடினால் உருளையைத் தாங்கும் கை வளைந்து துப்பாக்கியே பாழாகும்.

வேறு சிலர் துப்பாக்கியை வலக்கையிலேயே வைத்துக்கொண்டு இடக்கையால் நிரப்புவர். இதில் பிடி மாறாது. ஆனால் நுண்ணிய வேலையைப் பழக்கமில்லாத கை செய்ய வேண்டியிருக்கும். எது மேல் என்ற விவாதம் ஓயவில்லை. புதியவருக்கு முதல் முறையே எளிது.

நிரப்பிகளும் நிலாத் தகடும்

ஆறு தோட்டாக்களையும் ஒருசேரப் பிடித்திருக்கும் வட்ட நிரப்பி புதிய கண்டுபிடிப்பன்று. முதல் உலகப்போரில் பிரித்தானிய அதிகாரிகள் சிலர் வெப்ளிக்கென பிரிடோ என்பவர் வடிவமைத்த நிரப்பியைச் சொந்தச் செலவில் வாங்கி வைத்திருந்தனர். இக்கால நிரப்பிகளில் ஒருவகையில் குமிழைத் திருக வேண்டும். மற்றொன்றில் அழுத்தினாலே தோட்டாக்கள் விடுபடும். போட்டியாளர்கள் நாடுவது இரண்டாவதை.

இவற்றையும் விஞ்சியது நிலாத் தகடு. விளிம்பில்லாத .45 பிஸ்டல் தோட்டாக்களை 1917 மாதிரி ரிவால்வர்களில் பயன்படுத்துவதற்காக, மூன்று தோட்டாக்களைப் பிடிக்கும் பிறை வடிவ எஃகுத் தகடு உருவாக்கப்பட்டது. பின்னர் ஆறையும் பிடிக்கும் முழுநிலாத் தகடு வந்தது. தகட்டோடு தோட்டாக்கள் உள்ளே போகின்றன; உறைகள் தகட்டோடு வெளியே வருகின்றன. தள்ளியின் அடியில் உறை மாட்டும் தொல்லையே இல்லை. மிக்குலெக் 1999-இல் பயன்படுத்தியதும் இத்தகைய துப்பாக்கிதான். ஆயினும் மெல்லிய தகடு சற்று வளைந்திருந்தாலும் உருளை சுழலாது. போட்டிக்கு முன் ஒவ்வொரு தகட்டையும் சோதித்துப் பார்ப்பது அதனால்தான்.

குண்டின் முனையும் கவனிக்கத்தக்கது. சென்டர் ஃபயர் வீரர்கள் தட்டை முனைக் குண்டுகளை விரும்புவர். தாளில் சுத்தமான வட்டத் துளை விழுவதால் புள்ளி எண்ணுவது எளிது. விரைவு மறுநிரப்பலில் அதே தட்டை முனை அறையின் விளிம்பில் இடித்து நிற்கும். அங்கே உருண்டை முனையே உதவும். அறை வாய்களைச் சற்றே சரிவாகக் கடைந்துகொள்வதும் வழக்கம்.

பாதுகாப்பு

போட்டியில் தகுதிநீக்கம் நேரும் தருணங்களில் மறுநிரப்பல் முக்கியமானது. கண் உருளையில் இருக்கும்போது குழல் எங்கே பார்க்கிறது என்பது மறந்துபோகும். நகர்ந்தபடி நிரப்பும்போது, குறிப்பாக வலக்கைக்காரர் இடப்புறமாக ஓடும்போது, கால்கள் திரும்பினாலும் குழல் இலக்குப் பக்கமே இருக்க வேண்டும். பாதுகாப்புக் கோணத்தைத் தாண்டினாலோ நிரப்பும்போது விரல் விசை வளையத்துக்குள் இருந்தாலோ ஐ.பி.எஸ்.சி. நடுவர் அங்கேயே போட்டியை நிறுத்தி வீரரை வெளியேற்றுவார். எச்சரிக்கையோடு விடும் வழக்கம் இதில் இல்லை.

பயிற்சி பெரும்பாலும் சுடாமலேயே நடக்கிறது. வெடிமருந்தும் பற்றவைப்பானும் இல்லாத போலித் தோட்டாக்களைக் கொண்டு, உண்மைத் தோட்டா ஒன்றுகூட இல்லாத அறையில், முதலில் மெதுவாகப் பழகுவர். கைக்கடிகாரம் அசைவுகள் பிசகாமல் வரும்வரை தேவையில்லை. இந்தியாவில் ஆயுத விதிகள், 2016-இன்படி 12 முதல் 21 வயது வரையுள்ள இளம் வீரர்கள் பயிற்சியாளரின் நேரடி மேற்பார்வையில் சுடுதளத்தில் மட்டுமே பழக முடியும். சொந்தமாக உரிமம் பெற 21 வயது நிறைந்திருக்க வேண்டும்.