ஓட்டையை அடைத்தால் போதுமா?

விண்டோஸ் அப்டேட், பிரவுசர் அப்டேட், ஆன்டிவைரஸ் அப்டேட்... ஏதாவது ஒரு பேட்ச் நம் கம்ப்யூட்டரைத் தேடி வந்துகொண்டே இருக்கிறது. மைக்ரோசாப்ட் நிறுவனம் ஒவ்வொரு மாதமும் இரண்டாவது செவ்வாய்க்கிழமையை இதற்கென்றே ஒதுக்கியிருக்கிறது. ஒரு ஓட்டையை அடைத்தால் அடுத்த மாதம் வேறொரு ஓட்டை! இதற்கு முடிவே கிடையாதா?

உண்டு. ஆனால் அது ஆன்டிவைரஸ் கம்பெனிகளின் கையில் இல்லை. அரசாங்கங்கள் தங்கள் ஆராய்ச்சிப் பணத்தை எதற்குச் செலவிடுகின்றன என்பதில்தான் இருக்கிறது.

2005-ல் ஒரு எச்சரிக்கை

அமெரிக்க அதிபருக்குத் தகவல் தொழில்நுட்பம் பற்றி ஆலோசனை கூற பிடாக் என்றொரு குழு இருந்தது. 2005 பிப்ரவரியில் இக்குழு ஓர் அறிக்கை தந்தது. கம்ப்யூட்டர் பாதுகாப்பில் எதற்கு முன்னுரிமை என்பதிலேயே நெருக்கடி இருக்கிறது என்பதுதான் அதன் சாரம்.

அது சுட்டிக்காட்டிய குறைகள் இரண்டு. ஒன்று, ராணுவத்துக்காக ரகசியமாக நடக்கும் ஆராய்ச்சியின் பலன் பொதுமக்களின் கம்ப்யூட்டர்களுக்கு எளிதில் வந்து சேர்வதில்லை. இரண்டு, உடனடிப் பலன் தரும் வேலைகளுக்கே பணம் போகிறது. அடிப்படை ஆராய்ச்சி பட்டினி கிடக்கிறது. 10 துறைகளைப் பட்டியலிட்ட குழு, பல்கலைக்கழக ஆராய்ச்சிக்கு ஆண்டுதோறும் 9 கோடி டாலர் கூடுதலாகத் தரவேண்டும் என்றது. சில மாதங்களில் குழுவின் காலம் முடிந்தது. அது நீட்டிக்கப்படவில்லை!

கம்பெனிகள் செய்யாதா?

கம்பெனிகள் தங்கள் சாப்ட்வேரைத்தான் சரி செய்யும். இன்டர்நெட்டின் அஸ்திவாரமோ யாருக்கும் சொந்தமில்லை. உதாரணமாக, இணையதளப் பெயரை எண் முகவரியாக மாற்றும் டிஎன்எஸ் 1983-ல் உருவானது. வரும் பதில் உண்மையானதா என்று சோதிக்கும் வசதி அதில் இல்லை. போலிப் பதில்களை எவ்வளவு எளிதாகப் புகுத்தலாம் என்பதை 2008-ல் டான் காமின்ஸ்கி காட்டினார். இதற்குத் தீர்வான டிஎன்எஸ்செக் முறையின் முதல் வரைவு 1997-லேயே வந்துவிட்டது. ஆனால் டிஎன்எஸ்-ன் வேர்ப் பகுதியில் அது நடைமுறைக்கு வந்தது 2010-ல்தான். 13 ஆண்டுகள் காத்திருக்க எந்தக் கம்பெனிக்குப் பொறுமை இருக்கும்?

திறந்த போட்டியின் பலன்

அரசு சரியாகத் தேர்ந்தெடுத்தால் என்ன நடக்கும் என்பதற்கும் உதாரணம் உண்டு. பழைய டிஇஎஸ் பூட்டு பலவீனமானதால், புதிய என்கிரிப்ஷன் முறைக்காக அமெரிக்காவின் நிஸ்ட் அமைப்பு 1997-ல் உலகத்தையே போட்டிக்கு அழைத்தது. 15 முறைகள் களத்தில் இறங்கின. அவற்றை யார் வேண்டுமானாலும் உடைத்துப் பார்க்கலாம். வென்றவர்கள் இரண்டு பெல்ஜியம்காரர்கள். 2001-ல் தரநிலையான அந்த ஏஇஎஸ்தான் உங்கள் வீட்டு வைஃபையின் டபிள்யூபிஏ2-வில் இருக்கிறது.

குவாண்டம் கம்ப்யூட்டரைத் தாங்கும் பூட்டுகளுக்காக 2016-ல் இதேபோல இன்னொரு போட்டி தொடங்கியது. கடைசிச் சுற்றுகள் வரை வந்த 'சைக்' என்ற முறையை 2022-ல் ஆராய்ச்சியாளர்கள் சாதாரண கம்ப்யூட்டரிலேயே சுமார் ஒரு மணி நேரத்தில் உடைத்துவிட்டார்கள். ரகசியமாக வைத்திருந்தால் இந்தப் பலவீனம் நம் வீடுவரை வந்திருக்கும். 2024 ஆகஸ்டில் 3 தரநிலைகள் வெளியாகின.

அடுத்து எது?

என் கருத்தில் முதலிடம் மெமரி பிழைகளுக்குத்தான். தனது சாப்ட்வேர் ஓட்டைகளில் சுமார் 70 சதவீதம் இவ்வகைதான் என்று 2019-ல் மைக்ரோசாப்டே கூறியது. ரஸ்ட் போன்ற மொழிகள் இவற்றில் பெரும்பாலானவற்றைத் தொடக்கத்திலேயே தடுக்கும். ஆனால் கோடிக்கணக்கான பழைய சி வரிகளை யார் மாற்றி எழுதுவது? அதைத் தானாகச் செய்யும் கருவிகளுக்குப் பொதுப்பணம் தேவை. ராணுவத்துக்கு ரகசியம் வேண்டும்தான். ஆனால் அங்கும் இங்கும் ஓடுவது ஒரே சாப்ட்வேர் என்பதை மறந்துவிடக் கூடாது.

அதுவரை பேட்ச்களைத் தள்ளிப்போடாதீர்கள். உங்கள் ரவுட்டரில் டபிள்யூபிஏ2 அல்லது டபிள்யூபிஏ3 தேர்வாகியிருக்கிறதா என்று இன்றே பாருங்கள்.