வெள்ளைக் கட்டை ஏழுதான், கல்யாணி எங்கிருந்து வருது?

கெப்பாலா பத்தாஸில் கீபோர்ட் கத்துக்கிறீங்களா? 'மோட்' பாடம் வந்ததுமே இந்தச் சந்தேகம் வந்திருக்கும். சி-யில் தொடங்கி வெள்ளைக் கட்டைகளை மட்டும் வாசித்தால் அயோனியன், அதாவது சாதாரண மேஜர் ஸ்கேல். டி-யில் தொடங்கினால் டோரியன். கட்டைகள் அதேதான், பெயர் மட்டும் ஏன் மாறுது?

எங்கே தொடங்குறீங்க என்பது பெரிசில்லை. எந்த ஸ்வரத்தைக் காது 'ஸ'வாக எடுத்துக்கொள்கிறது என்பதுதான் விஷயம். இடது கையில் எஃப்-ஐ அழுத்திப் பிடிச்சுக்கிட்டு, வலது கையில் எஃப் முதல் மேல் எஃப் வரை வெள்ளைக் கட்டைகளை வாசிங்க. நாலாவது ஸ்வரமான பி, மேஜர் ஸ்கேலில் இருப்பதைவிட அரைப்படி ஏறி ஒலிக்கும். இதுதான் லிடியன். நம்ம கணக்கில் கல்யாணி. இப்போ இடது கையை மட்டும் சி-க்கு மாத்துங்க. வலது கை அப்படியே இருக்கு, ஆனா கல்யாணி போய் சங்கராபரணம் வந்துடும். கச்சேரியில் தம்புரா செய்கிற வேலை இதுதான். இந்த இடது கையைச் சொல்லாமல் பாடம் நடத்தினால் குழப்பம்தான் மிஞ்சும்.

இப்படி 'ஸ'வை நகர்த்துவதற்குக் கர்நாடக இசையில் கிரகபேதம் என்று பெயர். டி-யில் கரகரப்பிரியா, இ-யில் தோடி, ஜி-யில் அரிகாம்போதி, ஏ-யில் நடபைரவி கிடைக்கும். கிடைப்பது ஸ்வரங்கள் மட்டுமே. கமகம் இல்லாத தோடி, தோடி ஆகாது.

தமிழுக்கு இது புதுசும் இல்லை. சிலப்பதிகாரத்தின் ஆய்ச்சியர் குரவையில், வட்டமாக நிற்கும் ஏழு பெண்களுக்குக் குரல், துத்தம், கைக்கிளை, உழை, இளி, விளரி, தாரம் என்று ஏழு ஸ்வரங்களின் பெயரைச் சூட்டுகிறாள் மாதரி. வட்டத்தில் யாரை முதலாக வைக்கிறோமோ, அதற்கேற்ப ஒரு பாலை பிறக்கும். மொத்தம் ஏழு பாலை. ஆபிரகாம் பண்டிதர் 1917-இல் வெளியிட்ட 'கருணாமிர்த சாகரம்', விபுலானந்த அடிகளின் 'யாழ் நூல்' (1947) இரண்டும் இந்தப் பழைய முறையை விரிவாக ஆராய்ந்தவை. செம்பாலை இன்றைய அரிகாம்போதி, அரும்பாலை சங்கராபரணம் என்பது இசை ஆய்வாளர்கள் பலரின் கருத்து.

மிச்சம் இருப்பது பி, மேற்கத்தியப் பெயர் லோக்ரியன். வழக்கமாக 'ஸ'விலிருந்து 'ப' வரை ஏழு அரைப்படி. பி-யிலிருந்து எஃப் வரை ஆறுதான். 'ப'வே இல்லாததால் 72 மேளகர்த்தாவில் இதற்கு இடமில்லை. ஏழு பாலைகளில் மட்டும், செவ்வழிப்பாலை என்ற பெயரோடு இதுவும் உண்டு. பி-யை அழுத்திப் பிடிச்சு வாசிச்சுப் பாருங்க, காது எங்கேயும் உட்கார மாட்டேங்கும்.