ஊரடங்கில் ஒரு கடைவாய்ப் பல்

2020 ஏப்ரலில் ஓர் இரவு, பதினொரு மணிக்குக் கும்பகோணத்திலிருந்து சித்தி போன் செய்தார். மூன்று நாளாகக் கீழ்க் கடைவாய்ப் பல்லில் வலி. கிராம்பைக் கன்னத்துக்குள் அடக்கியிருந்ததால் பேச்சு குழறியது. "வெளிய போனா கொரோனா ஒட்டிக்கும்டா. மாத்திரை போட்டுச் சமாளிச்சுக்கறேன்" என்றார். மறுவாரம் வலி நின்றுவிட்டது. எல்லோருக்கும் நிம்மதி. அடுத்த பத்தாம் நாள் வீடியோ காலில் பார்த்தால் வலது கன்னம் பணியாரம் போல உப்பியிருந்தது. வாயைத் திறக்கச் சொன்னால் இரண்டு விரல் நுழையும் அளவுகூடத் திறக்க முடியவில்லை.

அந்த மாதங்களில் இப்படி வலியோடு வீட்டில் உட்கார்ந்திருந்தவர்கள் எத்தனையோ பேர். அவர்களுடைய பயம் நியாயமானதுதான். பல்லுக்குள் என்ன நடக்கிறது என்பதும் தெரிந்திருந்தால் சித்தி அந்தப் பத்து நாளை இழந்திருக்க மாட்டார்.

இரவில் வலி கூடுவது ஏன்?

பல்லின் வெளியே எனாமல், அதற்கடியில் டென்டின், நடுவில் நரம்பும் ரத்தக்குழாய்களும் நிறைந்த பற்கூழ். உடம்பில் வேறெங்கு அழற்சி வந்தாலும் அந்த இடம் வீங்கிக்கொள்ளும். பற்கூழுக்கு வீங்க இடமில்லை. சுற்றிலும் கல் போன்ற சுவர். அழுத்தம் முழுவதும் நரம்பின் மேல் விழுகிறது. படுத்ததும் தலைப்பக்கம் ரத்த அழுத்தம் கூட, விண்விண்ணென்று தெறிக்கும். தலையணையை உயர்த்தி வைத்தால் சற்றுத் தணிவதும் இதனால்தான்.

குளிர்ந்த தண்ணீர் பட்டு ஒரு நொடி கூசி அடங்கினால், சொத்தையை அடைத்தாலே பல் பிழைத்துக்கொள்ளலாம். கூச்சம் நிமிடக்கணக்கில் நீண்டாலோ, வலி தூக்கத்தைக் கலைத்தாலோ, பெரும்பாலும் வேர்ச் சிகிச்சை செய்ய வேண்டும், இல்லாவிட்டால் பல்லை எடுக்க வேண்டும்.

வலி தானாக நின்றால்

சித்தியின் வலி நின்றது பற்கூழ் செத்துப்போனதால். நரம்பு செத்த பிறகு வலியைச் சொல்ல ஆளில்லை. கிருமிகள் வேர் நுனி வழியாகத் தாடை எலும்புக்குள் இறங்கிச் சீழ் பிடிக்க வைக்கும். ஆன்டிபயாடிக் ரத்தத்தின் வழியாகத்தான் போக முடியும். செத்த பற்கூழில் ரத்த ஓட்டமே இல்லை. மெடிக்கல் ஷாப்பில் ஐந்து நாள் மாத்திரை வாங்கி விழுங்கியும் வலி திரும்பத் திரும்ப வருவதன் காரணம் இதுதான். பல்லைத் திறந்து சீழை வெளியேற்றாமல் இது தீராது.

பல் டாக்டர்கள் ஏன் தயங்கினார்கள்?

அவர்கள் பக்கமும் நியாயம் இருந்தது. பல்லைக் குடையும் ஏரோட்டர் நிமிடத்துக்கு 3 லட்சம் முறைக்கு மேல் சுழலக்கூடியது. அதைக் குளிர்விக்கப் பீச்சும் தண்ணீர் எச்சிலோடு கலந்து, நுண்துளிகளாக அறையில் மிதக்கும். இங்கிலாந்தில் 2020 மார்ச் 25 முதல் ஜூன் 8 வரை வழக்கமான பல் சிகிச்சை நிறுத்தி வைக்கப்பட்டது. அவசர மையங்கள் மட்டும் இயங்கின. இந்தியாவில் மத்திய சுகாதார அமைச்சகம் மே மாதம் பல் மருத்துவர்களுக்கு வழிகாட்டுதல் வெளியிட்டது. முதலில் போனில் பேசுவது, அவசரமானவர்களுக்கு முன்னுரிமை, என்95 முகக்கவசம், வாய்க்குள் ரப்பர் விரிப்பு, வலுவான உறிஞ்சுகுழாய், காற்றோட்டமான அறை என்று முறைகள் வந்தன. ஒழுங்காகப் பின்பற்றினால் இவை ஆபத்தை வெகுவாகக் குறைக்கும்.

நம் பங்கும் உண்டு. காய்ச்சல், இருமல் இருந்தால் போனிலேயே சொல்லிவிட வேண்டும். தொற்று உறுதியாகியிருந்தாலும் மறைக்கக் கூடாது. அவசர சிகிச்சையைத் தனி ஏற்பாட்டோடு செய்ய முடியும்.

எதற்கு உடனே ஓட வேண்டும்?

பல் சுத்தம் செய்வது, கிளிப் போடுவது, கட்டுப் பல் அளவெடுப்பது எல்லாம் பொறுக்கும். முக வீக்கம், காய்ச்சலோடு வலி, நிற்காத ரத்தம், அடிபட்டு விழுந்த பல் ஆகியவை பொறுக்காது. தாடைக்கடியில் இறுகி வீங்கி, நாக்கு மேலே தூக்கி, எச்சில் விழுங்கவோ மூச்சு விடவோ சிரமமானால் அது உயிர் ஆபத்து. நேரே பெரிய மருத்துவமனைக்குப் போக வேண்டும். சொத்தையே இல்லாமல் தாடை வலித்து, கூடவே நெஞ்சை அடைத்து வியர்த்தால் அது மாரடைப்பாக இருக்கலாம்.

டாக்டரைப் பார்க்கும்வரை வெதுவெதுப்பான உப்புத் தண்ணீரில் கொப்பளிக்கலாம். பாரசிட்டமால் போடலாம், பெரியவர்களுக்கு ஒரு நாளில் 4 கிராமைத் தாண்டக் கூடாது, அதாவது 500 மில்லிகிராம் மாத்திரை எட்டு. சளி மாத்திரைகளிலும் பாரசிட்டமால் உண்டு என்பதால் அதையும் கணக்கில் சேர்க்க வேண்டும். கல்லீரல் நோய் உள்ளவர்கள் கேட்டுவிட்டுத்தான் போட வேண்டும். ஆஸ்பிரினைப் பொடித்து ஈறில் வைப்பது கொடுமை, சதை வெந்துவிடும். கிராம்பு எண்ணெயை அப்படியே ஊற்றினாலும் புண்ணாகும்.

2021-இல் பார்த்தது

கொரோனா இரண்டாம் அலையில் கருப்புப் பூஞ்சை நோய் வந்தபோது சிலருக்கு அதன் முதல் அறிகுறியே மேல்தாடை வலியும் ஆடும் பற்களும்தான். கட்டுப்படாத சர்க்கரை நோயும் ஸ்டீராய்டு மருந்தும் சேர்ந்தவர்களுக்கு ஆபத்து அதிகம். கொரோனாவிலிருந்து மீண்ட சில வாரங்களில், சொத்தையே இல்லாத மேல் பற்கள் ஆட, கன்னம் மரத்துப்போனால் ஒரு நாள்கூடத் தாமதிக்கக் கூடாது.

சித்தியின் கதைக்குத் திரும்பினால், அவர் வீக்கத்தைப் போட்டோ எடுத்துத் தெரிந்த பல் டாக்டர் ஒருவருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினோம். "இன்னிக்கே கூட்டிட்டு வாங்க, ஒருத்தர் மட்டும் கூட வாங்க" என்றார். வழியில் நிறுத்திய போலீஸ்காரர் கன்னத்தைப் பார்த்ததுமே விட்டுவிட்டார். பல்லைத் திறந்து சீழை வெளியேற்றியதும் சித்தி விட்ட பெருமூச்சை வாசலில் நின்ற தம்பி கேட்டிருக்கிறான். வீக்கம் வடிந்த பிறகு வேர்ச் சிகிச்சை முடிந்து, மேலே தொப்பியும் போட்டாயிற்று. தீபாவளி முறுக்கை இப்போதும் அந்தப் பக்கத்தில்தான் கடிக்கிறார்.