கசிவை உணர்தலும் இடம் காண்டலும்

1989ஆம் ஆண்டு ஜூன் 4ஆம் நாள், நள்ளிரவு கடந்த வேளை. அன்றைய சோவியத் நாட்டின் ஊஃபா நகருக்கு அண்மையில் இரு பயணத் தொடர்வண்டிகள் ஒன்றையொன்று கடக்கையில் அவ்வெளி முழுவதும் தீப்பற்றி வெடித்தது. மாண்டோர் 575 பேர் என்பது அரசுக் கணக்கு. அருகில் சென்ற குழாயிலிருந்து கசிந்த நீர்ம எரிவாயு, காற்றினும் கனத்த ஆவியாகித் தாழ்நிலத்தில் தேங்கி நின்றதே காரணம். நம்மை வருத்துவது மற்றொன்று. குழாயில் அழுத்தம் குறைவதைக் கருவி முன்னரே காட்டியிருந்தது. பணியாளரோ கசிவைத் தேடாது, குறையை ஈடுசெய்ய அழுத்தத்தை மேலும் கூட்டினர்.

குறைந்தது என்று அறிந்தால் போதாது. எங்கே என்றும் அறிதல் வேண்டும். மண்ணுள் புதைந்து பல நூறு கிலோமீட்டர் செல்லும் குழாயை எவ்விடத்தில் தோண்டுவது?

மின்னலுக்கும் இடிக்கும் இடைப்பட்ட நேரத்தை எண்ணித் தொலைவை மதிப்பிடும் வழக்கத்தை நாம் அறிவோம். இம்முறையும் அதற்கு உறவினதே. இயற்கை எரிவாயுக் குழாய் திடீரென உடைந்தால், அவ்விடத்தில் தோன்றும் அழுத்தக் குறைவு ஓர் அலையாகி இருபுறமும் ஓடும். அதன் வேகம் வினாடிக்கு ஏறத்தாழ 400 மீட்டர். 40 கிலோமீட்டர் இடைவெளியில் இரு நிலையங்கள் உள்ளன என்று கொள்வோம். முதல் நிலையத்து உணரியை அலை 20 வினாடி முன்னதாக எட்டினால், கசிவு அங்கிருந்து 16 கிலோமீட்டரில் உள்ளது. இரு நிலையக் கடிகாரங்களும் ஒரு வினாடி பிசகினாலே 200 மீட்டர் தள்ளித் தோண்ட நேரும்! ஆதலின் செயற்கைக்கோள் வழியே அவற்றின் நேரத்தை ஒன்றாக்குகின்றனர்.

துருவேறி மெல்லக் கசியும் சிறு துளை இத்தகைய அலையை எழுப்பாது. அதற்கு உதவுவது குழாயை ஒட்டிப் புதைக்கப்படும் ஒளியிழை வடம். மிகுந்த அழுத்தத்திலிருந்து விடுபடும் எரிவாயு விரிந்து குளிர்கையில் சுற்றியுள்ள மண்ணும் குளிரும். வடத்துள் செலுத்தப்படும் லேசர் ஒளியில் ஒரு சிறு பகுதி சிதறித் திரும்பும். அதன் மாற்றம் வெப்பநிலையைச் சொல்லும். திரும்ப எடுத்த நேரம் இடத்தைச் சொல்லும்.

இடர்ப்பாடும் உண்டு. அடைப்பிதழைத் திறந்து மூடினாலும் அழுத்த அலை எழும். அதற்கெல்லாம் எச்சரிக்கை மணி ஒலித்தால், நாளடைவில் பணியாளர் அதனைப் பொருட்படுத்தமாட்டார். எனவே நிலையந்தோறும் இரண்டு உணரிகளைச் சற்றுத் தள்ளித் தள்ளிப் பொருத்துகின்றனர். எது முந்தி உணர்ந்தது என்பதைக் கொண்டு, அலை நிலையத்தினின்று புறப்பட்டதா, குழாயின் இடைவழியினின்று வந்ததா எனப் பிரித்தறிகின்றனர்.