பிரவுசரை மாற்றினால் மட்டும் போதுமா?

உடம்பில் தென்படும் ஒரு புதிய அறிகுறி, அடைக்க முடியாத கடன், குடும்பத்தில் ஏற்பட்ட பிணக்கு. பெற்ற தாயிடம் சொல்லக்கூடத் தயங்கும் இவற்றை நாம் முதலில் செல்போன் பிரவுசரில்தான் தேடுகிறோம். அது முகம் சுளிப்பதில்லை. எதையும் திருப்பிக் கேட்பதில்லை. அதனால் யாரிடமும் சொல்லாது என்றும் நம்பிவிடுகிறோம். இந்த நம்பிக்கை சரிதானா?

பின்தொடர்வது எப்படி?

நாம் ஒரு செய்தித் தளத்தைத் திறக்கும்போது அதில் இடம்பெற்றுள்ள விளம்பர நிறுவனங்களின் நிரல்களும் சேர்ந்தே இயங்குகின்றன. அவை ‘குக்கீ’ எனப்படும் சிறு அடையாளக் குறிப்பை நம் பிரவுசரில் வைத்துவிடுகின்றன. அதே விளம்பர நிறுவனம் ஒரு மருத்துவத் தளத்திலும் ஒரு கடைத் தளத்திலும் இருந்தால், மூன்று இடங்களுக்கும் வந்தவர் ஒருவரே என்பது அதற்குத் தெரிந்துவிடும். நம் பெயரைக் கேட்காமலேயே நம்மைப் பற்றிய கோப்பு ஒன்று தயாராகிவிடுகிறது.

இத்தகைய குக்கீகளை ஆப்பிளின் சஃபாரி 2020 மார்ச்சில் முழுமையாகத் தடுத்தது. மொஸில்லாவின் ஃபயர்ஃபாக்ஸ் 2022இல், ஒவ்வொரு தளத்தின் குக்கீயையும் அந்தத் தளத்துக்குள்ளேயே அடைத்து வைக்கும் முறையை எல்லோருக்கும் கொண்டுவந்தது. கூகுளின் குரோமும் இரண்டு ஆண்டுகளில் இவற்றை நீக்குவதாக 2020 ஜனவரியில் அறிவித்தது. பலமுறை தள்ளிப்போட்டு, 2024 ஜூலையில் அந்தத் திட்டத்தையே கைவிட்டது. போட்டி ஒழுங்குமுறை அமைப்புகளின் ஆட்சேபமும் இதில் ஒரு காரணம்தான். ஆனால் கூகுளின் வருவாயில் பெரும்பகுதி விளம்பரத்திலிருந்து வருகிறது என்பதையும் நாம் மறந்துவிடக் கூடாது.

‘இன்காக்னிட்டோ’வில் தேடினால் யாருக்கும் தெரியாது என்று பலர் எண்ணுகிறார்கள். அது நம் செல்போனில் வரலாறு பதிவாகாமல் தடுக்கும், அவ்வளவுதான். நாம் செல்லும் தளத்துக்கும் இணைய இணைப்பு தரும் நிறுவனத்துக்கும் நம் வருகை தெரியும். இதையொட்டி 2020இல் அமெரிக்காவில் தொடரப்பட்ட வழக்கில், சேகரித்த பல நூறு கோடிப் பதிவுகளை அழிக்க 2024இல் கூகுள் ஒப்புக்கொண்டது.

வேலியே பயிரை மேய்ந்தபோது

பாதுகாப்புக்காக நிறுவுவதும் நம்மைக் காட்டிக்கொடுக்கலாம். அவாஸ்ட் என்பது பரவலாகப் பயன்படும் வைரஸ் தடுப்பு மென்பொருள். பின்தொடர்வதைத் தடுப்பதாகச் சொன்ன அந்நிறுவனம், தன் மென்பொருள் வழியாகவும் பிரவுசர் நீட்சிகள் வழியாகவும் திரட்டிய தகவலைத் துணை நிறுவனம் மூலம் விற்றது. அமெரிக்க மத்திய வர்த்தக ஆணையம் 2024இல் இதற்காக 1 கோடியே 65 லட்சம் டாலர் செலுத்தச் செய்தது. ஒருவரின் மதம், உடல்நலம், அரசியல் சார்பு ஆகியவற்றை ஊகிக்கக்கூடிய தகவல்களும் அதில் இருந்தன.

நம் சமுதாயத்தை நேரடியாகத் தொட்ட செய்தியும் உண்டு. தொழுகை நேரமும் கிப்லா திசையும் காட்டும் ‘முஸ்லிம் புரோ’ செயலியின் இருப்பிடத் தகவல் எக்ஸ்-மோட் என்ற தரகு நிறுவனத்துக்குச் சென்றதையும், அந்நிறுவனத்தின் வாடிக்கையாளர்களில் அமெரிக்க ராணுவ ஒப்பந்ததாரர்கள் இருந்ததையும் 2020 நவம்பரில் ஓர் அமெரிக்க ஊடகம் வெளிக்கொணர்ந்தது. ராணுவத்துக்குத் தகவல் விற்றதாகக் கூறப்பட்டதை மறுத்த செயலி நிறுவனம், எக்ஸ்-மோட் உடனான உறவைத் துண்டிப்பதாக அறிவித்தது. எந்தப் பிரவுசரை மாற்றியிருந்தாலும் இது நின்றிருக்காது. தகவல் போனது செயலி வழியாக.

எதற்கு மாறுவது?

மாசற்ற பிரவுசர் என்று ஒன்றில்லை. ஃபயர்ஃபாக்ஸ் லாப நோக்கற்ற அமைப்பின் கீழ் உள்ளது. ஆனால் அதன் வருவாயில் பெரும்பகுதி, கூகுள் தேடலை முதன்மையாக வைப்பதற்காகக் கூகுள் தரும் பணம். ‘உங்கள் தகவலை ஒருபோதும் விற்க மாட்டோம்’ என்ற பொருளில் தான் அளித்திருந்த உறுதியை அது 2025 பிப்ரவரியில் நீக்கியதும் சர்ச்சையானது. பிரேவ் பிரவுசர் விளம்பரங்களைத் தானே தடுக்கிறது. அதுவும், சில கிரிப்டோ தளங்களின் முகவரியைத் தட்டும்போது தனக்குத் தரகு வரும் இணைப்பைச் சேர்த்து 2020இல் பிடிபட்டது. பிறகு தவறை ஒப்புக்கொண்டு திருத்தியது. குறை இருந்தாலும் இவ்விரண்டும் பின்தொடர்வோரை வெகுவாகக் குறைக்கின்றன. எனவே மாறுவதில் பயன் உண்டு.

நாமும் அப்படித்தான் மாறினோம். முதல் நாளே பழைய மின்னஞ்சல் கணக்கைத் திறந்துவைத்து, அதே தேடல் பொறியில் தேடினோம். வீட்டை மாற்றிவிட்டுச் சாவியைப் பழைய வீட்டுக்காரரிடமே கொடுத்ததைப் போலிருந்தது அது. ஆகவே மாறுபவர்கள் இவற்றையும் சேர்த்துச் செய்யுங்கள்:

1. செல்போன் அமைப்புகளில் புதிய பிரவுசரை முதன்மையாக்குங்கள். இல்லையெனில் வாட்ஸ்அப்பில் வரும் இணைப்புகள் பழையதிலேயே திறக்கும்.

2. தேடல் பொறியையும் மாற்றுங்கள். ஃபயர்ஃபாக்ஸில் இருந்துகொண்டு கூகுளில் தேடினால் தேடல் கூகுளுக்கே போகும்.

3. கடவுச்சொற்களைக் கோப்பாக எடுத்து மாற்றினால், வேலை முடிந்ததும் கோப்பை அழித்துவிடுங்கள். அதைத் திறப்பவர் எவரும் படிக்கலாம்.

4. தேவையற்ற நீட்சிகளை நீக்குங்கள்.

5. பழைய கணக்கில் சேர்ந்துள்ள தேடல் வரலாற்றை அழியுங்கள். பிரவுசரை நீக்கினால் மட்டும் அது அழியாது.

6. எந்தெந்தச் செயலிகளுக்கு இருப்பிட அனுமதி தந்துள்ளீர்கள் என்று பார்த்து, தேவையில்லாதவற்றை நிறுத்துங்கள்.

இதற்கெல்லாம் அரைமணி நேரம் ஒதுக்கினால் போதும். நம் செல்போனில் முடித்ததும் வீட்டுப் பெரியவர்களின் செல்போனையும் வாங்கிச் செய்து கொடுப்போம். மருத்துவரிடம் சொல்லக் கூச்சப்பட்டு அவர்கள் அதில் எதைத் தேடுகிறார்கள் என்பது நமக்கே தெரியாது. விளம்பர நிறுவனத்துக்கு மட்டும் ஏன் தெரிய வேண்டும்?