முதல்வராக இருந்தவரே திகாருக்குப் போனார், தெரியுமா?

நீதிமன்ற அவமதிப்புக்குச் சட்டம் சொல்லும் அதிகபட்ச அபராதம் எவ்வளவு தெரியுமா? வெறும் 2,000 ரூபாய்! 1971-ம் ஆண்டுச் சட்டத்தில் உள்ள இந்தத் தொகை, வெள்ளைக்காரர்கள் 1926-ல் போட்ட சட்டத்திலேயே இருந்தது! ஆனால் கூடவே 6 மாதம் வரை சிறையும் உண்டே... அங்கேதான் பெரிய புள்ளிகளுக்கே உதறல் எடுக்கிறது!

அனில் அம்பானியை எடுத்துக்கொள்ளுங்கள். 2019 பிப்ரவரி. எரிக்சன் நிறுவனத்துக்குப் பாக்கி 453 கோடி ரூபாய். “4 வாரத்தில் கட்டுங்கள், இல்லையேல் 3 மாதம் சிறை!” என்றது உச்ச நீதிமன்றம். பணம் எப்போது வந்தது தெரியுமா? கெடு முடிய ஒரே ஒரு நாள் இருந்தபோது! கைகொடுத்தவர் அண்ணன் முகேஷ்!

உ.பி. முதல்வராக இருந்தபோது, அயோத்தியில் நிரந்தரக் கட்டுமானம் நடக்காது என்று நீதிமன்றத்துக்கு வாக்குக் கொடுத்தார் கல்யாண் சிங். வாக்கு காப்பாற்றப்படவில்லை. 1994-ல் ஒரு நாள் திகார் சிறை, 2,000 ரூபாய் அபராதம்!

சிறைக்குள் உட்கார்ந்தே ஹோட்டல் விற்கப் பேரம் பேச முடியுமா? நடந்தது! முதலீட்டாளர்களின் பணத்தைத் திருப்பித் தரச் சொன்ன உத்தரவை நிறைவேற்றாததால் 2014-ல் உள்ளே போனார் சகாரா அதிபர் சுப்ரதா ராய். ஜாமீன் தொகை? மயங்கி விழாதீர்கள்... 10,000 கோடி! லண்டன், நியூயார்க் ஹோட்டல்களை விற்றுப் பணம் திரட்ட, திகார் வளாகத்திலேயே அவருக்கு அறை, இன்டர்நெட், வீடியோ கான்ஃபரன்ஸ்! எல்லாம் முதலீட்டாளர்களின் பணம் திரும்பக் கிடைக்க வேண்டும் என்பதற்காக. அப்படியும் அவர் வெளியே வர 2 ஆண்டுக்கு மேல் ஆனது!

சி.பி.ஐ.-யின் இடைக்கால இயக்குநராக இருந்தவரையே மூலையில் உட்கார வைத்தார்கள், தெரியுமா? நீதிமன்ற உத்தரவை மீறி விசாரணை அதிகாரியை இடமாற்றம் செய்த நாகேஸ்வர ராவுக்கு 2019-ல் கிடைத்த தண்டனை இது. கோர்ட் கலையும் வரை மூலையில்! கூடவே ஒரு லட்சம் ரூபாய் அபராதம்! சட்டத்தில் 2,000 தானே என்கிறீர்களா? அரசியல் சாசனத்தின் 129-வது பிரிவு உச்ச நீதிமன்றத்துக்குத் தனி அதிகாரமே கொடுத்திருக்கிறது!

அபராதம் குறைந்த கதையும் உண்டு! கேரள முதல்வர் இ.எம்.எஸ். நம்பூதிரிபாடுக்கு உயர் நீதிமன்றம் போட்டது 1,000 ரூபாய். உச்ச நீதிமன்றம் 1970-ல் அதை 50 ஆக்கியது! வழக்கறிஞர் பிரசாந்த் பூஷணுக்கு 2020-ல் விதித்தது? ஒரே ஒரு ரூபாய்!

அமெரிக்காவில் நடந்ததுதான் உச்சம்! பென்சில்வேனியாவில் விவாகரத்து வழக்கு. 25 லட்சம் டாலரைக் கொண்டுவரச் சொன்னது நீதிமன்றம். பணம் போய்விட்டது என்று சாதித்தார் கணவர். அவரும் ஒரு வழக்கறிஞர்தான்! 1995-ல் அடைத்தார்கள். குற்ற வழக்கே கிடையாது. விட்டது எப்போது தெரியுமா? 2009-ல்! இனி அடைத்து வைத்தாலும் அவர் பணத்தைத் தரப்போவதில்லை என்று நீதிபதிக்கே தோன்றிய பிறகு!